வின்னமக்கா மலைகளில் நாயின் பின்னால்

அமெரிக்காவின் வடக்கு நெவாடாவில் வின்னமக்கா ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மரம் என்று பார்ப்பதே அரிது. சேஜ்பிரஷ் புதர், காய்ந்த புல், கறுத்த எரிமலைப் பாறை, அவ்வளவுதான். ஆனால் சக்கர் கௌதாரிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நம் புலவர்கள் நிலவொளியைக் குடிப்பதாகப் பாடிய சகோரம் இதுதான். ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், பெருகிவிட்டது, 1947இல் வேட்டைக்கும் அனுமதி கொடுத்தார்கள். இங்கே அது நிலவைக் குடிப்பதில்லை; சீட்கிராஸ் என்ற களைப்புல்லைத் தின்றே கொழுக்கிறது. அந்தப் புல்லும் வெளியூர்ச் சரக்குதான்.

மழைக்கு முன் போவதானால் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும். ஒரு மழை பெய்து சீட்கிராஸ் துளிர்த்துவிட்டால் புல்லிலேயே ஈரம் கிடைத்துவிடும், பறவைகள் மலை முழுக்கச் சிதறிவிடும். நாங்கள் போனது நவம்பர் கடைசியில், துளிர் வந்தபிறகு. பறவை இருக்கும் இடத்தை அசையாமல் நின்று காட்டும் வேட்டைநாயான நண்பருடைய ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் முன்னால், நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

சக்கர் மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். அடிவாரத்திலிருந்து துரத்தினால் அது ஓடியே நம்மைக் கொன்றுவிடும். அதனால் முதலில் முகடு ஏறிவிட்டு, பிறகு பக்கவாட்டில் நடப்பது வழக்கம். வெயில் ஏறியதும் சரிவின் காற்று சூடாகி மேலே வரும், கீழே இருக்கும் பறவையின் வாசனையையும் சேர்த்துக் கொண்டுவரும். எங்களுக்கு வியர்வை நாற்றம்தான் தெரிந்தது. நாய்க்கு மட்டும் திடீரென்று தலை திரும்பியது.

நாலடி நடந்தது. அப்புறம் அப்படியே உறைந்துவிட்டது. வலது முன்னங்கால் பாதி மடங்கி நிற்கிறது, வால் விறைத்திருக்கிறது, மூக்குத் துவாரம் மட்டும் அசைகிறது. அதன் கழுத்துப்பட்டையோடு இணைத்த ஜி.பி.எஸ். கருவி, நாய் நின்றுவிட்டது என்று நண்பரின் கையில் அதிர்ந்தது. எதிரிலேயே நிற்கும் நாய்க்கு அது தேவைப்படவில்லை. முகட்டுக்கு அந்தப்புறம் மறையும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நாய்க்கும் பாறை விளிம்புக்கும் இடையில் நாங்கள் வருவதற்குள் வெடித்ததுபோல ஒரு கூட்டம் கிளம்பியது. இருபதுக்குக் குறையாது. சரிவோடு சரிவாக அம்புபோலக் கீழே பாய்கிற பறவைக்குத் துப்பாக்கியை அதற்கும் கீழே பிடிக்க வேண்டும்; கை பழகியிருப்பது மேலே எழும் பறவைக்கு. எனக்கு ஒன்று விழுந்தது. நண்பர் இரண்டு குழலையும் காலி செய்து சும்மா நின்றார். அவர் தோட்டா மாற்றக் குனிந்த நேரம் பார்த்து, காலடிப் புதரிலிருந்து இன்னும் இரண்டு பறந்தன. சக்கர் எப்போதும் செய்யும் வேலை இது. கூட்டம் போனாலும் ஓரிரண்டு பதுங்கியே கிடக்கும். அவருடைய வசவை இங்கே எழுத முடியாது.

விழுந்த பறவை வெகு கீழே பாறை இடுக்கில். நானாகத் தேடியிருந்தால் சாம்பல் நிறக் கல்லுக்கும் சாம்பல் நிறச் சிறகுக்கும் வித்தியாசம் தெரியாமல் திரும்பியிருப்பேன். நாய் இறங்கிப் போய், இரண்டு சுற்று மோந்து, வாயில் கவ்வி ஏறி வந்தது. விலாவில் அந்தக் கறுப்புக் கோடுகள்கூடக் கலையவில்லை. சிவந்த அலகு, சிவந்த கால், கழுத்தில் கறுப்பு மாலை. உண்மையில் வேட்டையாடியது நாய்தான். துப்பாக்கி தூக்கிவர எங்களைக் கூட்டிப் போயிருக்கிறது, அவ்வளவே.

நாளொன்றுக்கு ஆளுக்கு 6 பறவை வரை அனுமதி. அந்த எண்ணைத் தொட்டு இறங்குபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் இரைப்பையை அறுத்தால் உள்ளே பச்சைப் பசேலென்று புல் துளிர். கறி வெளுப்பாக, கொழுப்பில்லாமல் இருக்கும். அதிக நேரம் அடுப்பில் விட்டால் வறண்டுவிடும். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சீக்கிரம் இறக்கிவிடுவேன்.

புதிதாகப் போகிறவர்கள் தங்களுக்குக் கொண்டுபோவதைவிட நாய்க்கு அதிகம் தண்ணீர் சுமக்க வேண்டும். அக்டோபர் வெயிலில் கண்ணாடிவிரியனுக்கு உறவான கிலுகிலுப்பைப் பாம்புகள் பாறையில் கிடக்கும், அப்போது நாயை விடவே எனக்குத் தயக்கம். ஐடஹோ, ஓரிகன் பக்கம் ஏறுபவர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: நாயின் பாதத்துக்கு என்ன காலுறை போடுகிறீர்கள்? இந்தப் பாறையில் ரப்பர் காலுறை மாலைக்குள் கிழிந்துவிடுகிறது.