ஒரே ஆர்டர், இரண்டு பார்சல்: வூகாமர்ஸில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து சுங்குடிச் சேலையும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடை வழியாக விற்கிறோம். சேலை எங்களிடமே இருப்பு. விளக்கு கும்பகோணம் பக்கமிருந்து நேராகப் போகும். இரண்டும் ஒரே ஆர்டரில் வரும்போதுதான் சிக்கல்.

போன வாரம் புனேவில் ஒரு அம்மாவுக்குச் சேலையை அனுப்பியதும் ஆர்டரை 'கம்ப்ளீட்டட்' என்று மாற்றிவிட்டோம். எல்லாம் கிளம்பிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். இன்னும் அனுப்ப வேண்டியவை இருக்கும் 'பிராசஸிங்' பட்டியலிலும் ஆர்டர் இல்லாததால் விளக்கை நாங்களே மறந்துவிட்டோம். கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய விளக்கு அது. அவர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

'பாதி அனுப்பியாயிற்று' என்று புதிதாக ஒரு நிலை சேர்த்துப் பார்த்தேன். எந்தப் பொருளுக்கு எந்த டிராக்கிங் எண் என்று அதில் தெரிவதில்லை. சரி, ஆர்டரையே இரண்டாகப் பிரிக்கலாம் என்றால் கேஷ் ஆன் டெலிவரிதான் பெரிய தலைவலி. எந்தப் பார்சலில் எவ்வளவு வாங்குவது? கூப்பன் தள்ளுபடியை எப்படிப் பங்கிடுவது? அப்புறம், ஜிஎஸ்டி பில் ஒன்றா, இரண்டா?

பொருள்வாரியாக டிராக்கிங் எண் போட்டு, பார்சலுக்கு ஒரு மெயில் அனுப்பும் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) எதையாவது தினமும் பயன்படுத்துகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்குவதானாலும் பரவாயில்லை. தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.