பஸ்காவிலும் பாடுகளின் வாரத்திலும் சங்கீதங்களோடு ஜெபித்த அனுபவங்கள்

2022-ஆம் ஆண்டில் பெரிய வெள்ளியும் யூதர்களுடைய பஸ்காவின் முதல் இரவும் ஏப்ரல் 15 அன்று சேர்ந்தே வந்தன. இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் நான், பகலெல்லாம் சிலுவைத் தியானத்தில் இருந்துவிட்டு, மாலையில் அந்தக் குடும்பத்தாரோடு பஸ்கா விருந்தில் அமர்ந்தேன். புளிப்புள்ள எதுவும் வீட்டில் இருக்கலாகாது என்பதால் ரொட்டி முதல் பிஸ்கட் வரை எல்லாவற்றையும் முன்னதாகவே அகற்றியிருந்தோம். மேசையில் புளிப்பில்லா அப்பமும் கசப்பான கீரையும் உப்புநீரும் இருந்தன. வீட்டின் கடைக்குட்டிப் பேரன், இந்த இரவு மற்ற இரவுகளைவிட ஏன் வேறுபட்டது என்று முறைப்படி கேட்டான். அதற்கு விடையாக எகிப்திலிருந்து விடுதலையான வரலாறு தொடங்கியது.

சாப்பாட்டுக்கு முன் 113, 114 ஆகிய சங்கீதங்களையும், சாப்பிட்ட பின் 115 முதல் 118 வரையிலான சங்கீதங்களையும் அவர்கள் பாடினார்கள். இந்த ஆறும் சேர்ந்ததற்கு ஹல்லேல் என்று பெயர். அந்த மூதாட்டியை நான் 'சவ்தா' என்று, அவருடைய பேரப்பிள்ளைகள் அழைப்பதுபோலவே அழைப்பேன். உன் வேதாகமத்தையும் எடுத்து வா என்று சவ்தா சொன்னதால், அவர்கள் எபிரெயத்தில் பாட, நான் தமிழில் வரிவரியாகத் தொடர்ந்தேன். "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்" என்ற வரியை வாசித்தபோது, மேசையில் அந்த விருந்தின் நான்காவது திராட்சரசப் பாத்திரம் நிரம்பியிருந்தது.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், உணவுக்கு முன் ஹல்லேலை எதுவரை பாடுவது என்று ஷம்மாய், ஹில்லேல் என்னும் இரு யூத ஆசான்களின் வழிவந்தோர் வாதிட்டது பதிவாகியுள்ளது. ஆகவே, ஆண்டவர் கடைசி விருந்தின் முடிவில் சீஷரோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் புறப்பட்டார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுவது இந்தச் சங்கீதங்களையே என்று பலர் கருதுகிறார்கள். யோவானின் கணக்கில் அந்த விருந்து பஸ்காவுக்கு முந்தினது என்பதையும் நான் அறிவேன். ஆயினும், அன்றுமுதல் பெரிய வியாழன் இரவில் இந்த ஆறு சங்கீதங்களையும் வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சற்று அமைதியாயிருந்து ஜெபிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனத்தைக் கடப்பதுதான் எனக்கு மிகவும் கடினம். கெத்செமனேக்குப் போகும் வழியில் அதைப் பாடுவது எப்படியிருந்திருக்கும் என்று எண்ணி, பலமுறை அங்கேயே நின்றுவிடுகிறேன். சவ்தாவோ அந்த வசனத்தில் தம் பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்ததை நினைக்கிறார். அவர் நினைப்பதை என் தியானத்தால் மறைத்துவிட நான் விரும்பவில்லை. ஆலயங்களில் நாமே பஸ்கா விருந்து நடத்தி அதில் சிலுவையை வைத்துக்கொள்வது சிலருக்குப் பிரியமாயிருக்கலாம். அழைக்கப்பட்டால் விருந்தாளியாகப் போய்க் கேட்டிருப்பதே மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

*

அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுள் நான்காம் வார்த்தையைத் தியானிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்ததுண்டு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதால், அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல் சங்கீதம் முழுவதையும் சபையாரோடு நிதானமாக வாசிப்பதே என் வழக்கம். முதல் பாதியின் புலம்பல், பிற்பாதியில் "மகா சபையிலே" துதியாக மாறுவதை மக்கள் தங்கள் வாயாலேயே சொல்லிக் கடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயம் கற்பித்த ஆசிரியர் ஒருமுறை, இதே வரியை எஸ்தர் ராணி சொன்னதாக, யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது என்றார். அழைக்கப்படாமல் ராஜாவின் முன் போனால் மரணம் என்ற நிலையில் உள்ளே நடந்து செல்லும்போது, தேவசமுகம் தன்னைவிட்டு நீங்கிற்று என்று உணர்ந்து அவள் இப்படிக் கூப்பிட்டாளாம். எஸ்தரை நினைவுகூரும் பூரிம் பண்டிகை பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்னர் வருகிறது. ஒரு பெண் தன் ஜனத்துக்காக உயிரைப் பணயம் வைத்த வேளையில் அவள் வாயில் வைக்கப்பட்ட ஜெபம் இது என்று தெரிந்துகொண்டபின், சிலுவையின் கூக்குரலை நான் தனித்துக் கேட்பதில்லை. லெந்து காலத்தில் எஸ்தரின் புத்தகத்தையும் 22-ஆம் சங்கீதத்தையும் அடுத்தடுத்து வாசித்து ஜெபிக்குமாறு எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் சிலர் உபவாச நாளுக்கும் இவ்விரண்டையுமே எடுத்துக்கொள்கிறார்கள்.

*

நான் கத்தோலிக்கன், ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் விடுதலைப் பயண நூலின் 14-ஆம் அதிகாரத்தை வாசிப்பவன். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழில் சிலவற்றைக் குறைக்க அனுமதி உண்டு என்றாலும், செங்கடலைக் கடந்த இந்த வாசகத்தை ஒருபோதும் விடலாகாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. யூதர்கள் இதே பகுதியைப் பாஸ்காவின் ஏழாம் நாளில் வாசிக்கிறார்கள்.

சகோதரி குறிப்பிட்ட ஹல்லேலைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். விழாவின் பிற்பகுதி நாள்களில் அவர்கள் அதை முழுமையாகப் பாடுவதில்லை. 115, 116 ஆகிய திருப்பாடல்களின் (சங்கீதங்களின்) முதல் பகுதிகளை விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, எகிப்தியர் கடலில் மாண்டதால் மகிழ்ச்சி நிறைவாக இருக்கலாகாது என்பது. தம் கைவேலைப்பாடு கடலில் மூழ்கும்போது பாடல் பாடுவதா என்று கடவுள் வானதூதரைக் கடிந்துகொண்டதாகவும் ரபிகள் கூறியிருக்கிறார்கள். இதை அறிந்தபின், படைவீரர் மூழ்கும் வரிகளை நான் வெற்றி முழக்கமாக வாசிப்பதில்லை. குரலைத் தாழ்த்தியே வாசிக்கிறேன்.

யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும் என்பது என் மன்றாட்டு. அது வாசிக்கப்பட்ட புனித வாரங்களில் ஐரோப்பாவின் பல ஊர்களில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். இயேசுவின் சாவுக்கு அக்காலத்து யூதர் அனைவர்மீதும், இக்காலத்து யூதர்மீதும் பழி சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கூறியது. இப்போது பெரிய வெள்ளியின் பொது மன்றாட்டில், இறைவன் முதன்முதலில் பேசியது இவர்களிடமே என்று சொல்லித்தான் யூத மக்களுக்காகச் செபிக்கிறோம். அந்த மன்றாட்டின்போது முழந்தாளிட்டிருக்கும் சில நொடிகளில், 118-ஆம் திருப்பாடலின் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்ற வரியை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன்.