சூப்பர் மார்க்கெட் தன் பெயர் ஒட்டி விற்கும் பீர், கிராப்ட் பீரா?

பாளைக்காரன்:
சில வருடங்களுக்கு முன் அண்ணன் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது டிரேடர் ஜோஸ் கடையில் ஜோசப்ஸ்ப்ராவ் என்று ஒரு பீர் வாங்கினோம். பெயரைப் பார்த்து ஏதோ சின்ன ஜெர்மன் ஆலை என்று நினைத்துவிட்டேன், நன்றாகவும் இருந்தது. அப்புறம் பார்த்தால் அது கடையின் சொந்த லேபிளாம், காய்ச்சிக் கொடுத்தது சான் ஹோசேயில் இருந்த கோர்டன் பியர்ஷ். அண்ணன் இன்னமும் அது கிராப்ட்தான், அதாவது சின்ன ஆலை தன் கைப்பக்குவத்தில் காய்ச்சும் பீர்தான் என்று சாதிக்கிறார். கான்ட்ராக்டுக்குக் காய்ச்சி மளிகைக்கடை பெயரில் விற்பதை அப்படிச் சொல்லலாமா?

தச்சநல்லூரான்:
சொல்லவே கூடாது. டவுனில் அல்வா வாங்கும்போது அந்தக் கடை அடுப்பில் கிண்டியது என்று நம்பித்தானே வாங்குகிறோம்? எவரோ கிண்டியதை அடைத்துப் பெயர் ஒட்டினால் வெறும் டப்பா வியாபாரம்.

அம்பை அண்ணாச்சி:
தம்பி, அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மறுநாள் சொதி வைத்தது தவசுப்பிள்ளை, பாத்திரம்கூட அவருடையது, ஆனால் தேங்காய்ப்பால் எத்தனை, இஞ்சி எவ்வளவு என்று பக்கத்தில் நின்று பக்குவம் சொன்னது எங்கள் ஆச்சி. அதை யார் வீட்டுச் சொதி என்பீர்கள்? அமெரிக்காவின் சாமுவேல் ஆடம்ஸ் பீர் கதையும் இதுதான். 1985-ல் அது வந்தபோது அதை விற்ற பாஸ்டன் கம்பெனிக்குச் சொந்த ஆலை இல்லை, குடும்பத்துப் பழைய செய்முறையைக் கொடுத்து பிட்ஸ்பர்க்கில் வேறொருவர் ஆலையில் காய்ச்சி வாங்கினார்கள். அதைத்தான் கிராப்ட் பீருக்கே முன்னோடி என்கிறார்கள்.

அமெரிக்காவில் பீர் காய்ச்சுபவர்களின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனும் எது கிராப்ட் பீர் என்று சொல்வதில்லை, யார் கிராப்ட் காய்ச்சுபவர் என்றுதான் சொல்கிறது. வருடத்துக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் போகக்கூடாது, கிராப்ட் அல்லாத மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்தை எட்டக்கூடாது. 60 லட்சம் பேரல் என்றால் சுமார் 70 கோடி லிட்டர், அது அவர்களுக்குச் சின்னது!

ஆகவே கடைக்காரர் பக்குவம் சொன்னாரா, இல்லை ஆலை தன் பீரையே வேறு லேபிளில் ஊற்றிக் கொடுத்ததா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பீர் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பெருமை ஆலையைச் சேரும். எனக்குக் கோபமெல்லாம், இல்லாத ஆலைக்கு ஒரு பெயர் வைத்து நம்பவைக்கிறார்களே, அதில்தான். அங்கே லேபிளில் வியாபாரப் பெயரும் ஊரும் போட்டால் போதும், உண்மையில் காய்ச்சிய ஆலையின் பெயர் வெளியே தெரியாது.

பாளைக்காரன்:
சரி அண்ணாச்சி, அப்படியானால் அண்ணனுக்குப் பாதி வெற்றிதான், இன்று ராத்திரியே போன் போடுகிறேன். நம்ம ஊர்க் கடையில் போய் இது கிராப்ட்டா என்று கேட்டால் "கூலிங் இருக்கு, வேணுமா" என்றுதான் பதில் வரும்.