வெட்டிய கிளையை என்ன செய்வது? (குடும்பக் குழு)

பெரியப்பா: தோட்டத்தில் கழித்த கிளையும் கூட்டிய சருகும் குவிந்து கிடக்கின்றன. கொளுத்தினால் தெருவே புகை. இதைத் தூளாக்கி, அழுத்திச் சின்னச் சின்னக் குச்சியாக்கி (பெல்லட் என்கிறார்கள்) அடுப்பு எரிக்கலாம் என்று ஒரு வீடியோ வந்தது. பாருங்கள் 👆

மாமா: அனைவருக்கும் காலை வணக்கம் 🌹🌹

சித்தப்பா: பார்த்தேன் அண்ணா. இந்தப் பக்கம் இலையைக் கொட்டுகிறான், அந்தப் பக்கம் குச்சி குச்சியாக விழுகிறது. நம்பலாமா?

அண்ணன்: விழும் சித்தப்பா. ஆனால் அதற்கு முந்தைய வேலையைக் காட்ட மாட்டார்கள். பச்சைக் கிளையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 10 முதல் 15 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அப்புறம் ஹேமர் மில்லில் (சுத்தியல்கள் சுழன்று அடிக்கும் அரவை மெஷின்) தூளாக்க வேண்டும். அந்தத் தூளை அச்சுத் துளை வழியாக அழுத்தித் தள்ளினால்தான் பெல்லட். ஈரம் கூடினால் பெல்லட் உதிரும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அச்சுத் துளை அடைத்துக்கொள்ளும்.

அத்தை: ஒட்டுவதற்குப் பசை ஏதாவது?

அண்ணன்: மரத்திலேயே லிக்னின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது அத்தை. துளையில் உரசுகிற சூட்டில் இளகி, ஆறியதும் இறுகிவிடும்.

பெரியப்பா: அப்போ சருகையும் சேர்த்தே அரைக்கலாமே?

அண்ணன்: அங்கேதான் இடிக்கிறது பெரியப்பா. சுத்தமான மரம் எரிந்தால் சாம்பல் 1 சதவீதம்கூடத் தேறாது. ஐரோப்பாவில் மர பெல்லட்டுக்கு வைத்திருக்கும் என்பிளஸ் ஏ1 என்ற உயர் தரத்துக்கே உச்ச வரம்பு 0.7 சதவீதம்தான். இலையில் அதைப் போலப் பல மடங்கு சாம்பல். அதிலிருக்கும் பொட்டாசியத்தால் சாம்பல் சீக்கிரம் உருகி, அடுப்புத் தட்டில் கட்டியாகப் பிடிக்கும். கூட்டி அள்ளிய சருகென்றால் மண் வேறு வரும். மணல் அச்சைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

தங்கை: எல்லாம் எரியத்தானே போகிறது, கிளையை அப்படியே எரித்தால் என்ன?

அண்ணன்: எரிக்கலாம். நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். பெல்லட்டின் லாபம் இடம்தான். ஒரு கன மீட்டரில் 600 கிலோவுக்கு மேல் அடங்கும். உலர்ந்த மரச்சில்லு அதில் பாதிகூட வராது. தானியங்கி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. நமக்கு எதற்கு?

சித்தப்பா: வாங்கினால் மூட்டையாக அடுக்கி வைக்கலாம் என்று பார்த்தேன்.

அண்ணன்: தண்ணீர் பட்டால் ஊதி மறுபடி தூளாகிவிடும் சித்தப்பா. மூடிய அறையில் மொத்தமாகக் குவித்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அது உயிருக்கே ஆபத்து.

பெரியப்பா: சரி, மெஷின் வேண்டாம் என்கிறாய்.

அண்ணன்: ஒரு தோட்டத்துக்கு வேண்டாம். பல தோட்டத்துக் கிளை ஒரே இடத்துக்கு வந்தால் யோசிக்கலாம். அப்போதும் பெல்லட்டைவிட பிரிக்கெட்தான் (அதே மாதிரி அழுத்திச் செய்யும் பெரிய கட்டி) நல்லது, அதற்கு இவ்வளவு நைசாக அரைக்கத் தேவையில்லை. சருகைச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை கிளையையும் சருகையும் தனித்தனியாகப் பிரிக்க யார் வருகிறீர்கள்?

மாமா: 🙏

அத்தை: அண்ணா, அவர் கும்பிட்டால் வரமாட்டார் என்று அர்த்தம் 😄

அண்ணன்: நான் வருகிறேன். அதுவரை கிளைகளைத் தரையில் படாமல் அடுக்குங்கள். தார்ப்பாய் மேலே மட்டும் போதும், பக்கவாட்டில் காற்று நுழையட்டும்.