ஆட்டிசம் உள்ளவங்களுக்கு நம்ம ஊர்ப் பக்கம் வேலை: எது ஒத்துவருது, எங்க தடுக்குது?

காரைக்குடி, பலகாரக் கடை:
பேக்கிங்ல சேர்க்கிறவங்க முதல்ல தராசைக் கவனிங்க. கால் கிலோ தேன்குழல் நிறுத்தா முள்ளு சரியா 250-ல நிக்காது. 248 காட்டும், ஒண்ணு கூடப் போட்டா 256. எடுக்கிறதும் போடுறதுமா அந்த ஒரு பாக்கெட்லயே வேலை நின்னுடும். "ஏறக்குறையப் போடுப்பா"ன்னா விளங்காது. "250 முதல் 260 வரை சரி"ன்னு எழுதித் தராசுலயே ஒட்டிடுங்க. உடைஞ்ச துண்டுக்குத் தனித் தட்டு வேணும், இல்லேன்னா அதை எங்க போடுறதுன்னு அடுத்த தடங்கல். மனகோலத்துல வெல்லப்பாகு விரல்ல ஒட்டும், சிலருக்கு அது ஆகவே ஆகாது. கரண்டி கொடுத்துட்டா போச்சு.

தேவகோட்டை, சிறப்பாசிரியர்:
அண்ணே சொன்னது சரி. எவ்வளவு வேலைன்னு கண்ணுக்குத் தெரியணும்: ஆறு கூடை, கூடைக்குப் பத்து பாக்கெட், நிறைஞ்சா முடிஞ்சுது. பாக்கெட் வாயை ஒட்டுற சீலிங் மிஷின் சூடு, அதைக் கடைசியாப் பழக்குங்க. மாவு மிஷின் பக்கத்துல உட்கார வைக்காதீங்க. காதைப் பொத்தினா அடம்னு நினைக்கிறாங்க, சத்தம் தாங்கலைங்கிறதுதான் விஷயம். நல்லாப் போய்க்கிட்டிருக்கிற வேலை தீபாவளி ஆர்டர்லதான் கெடும். டீ நேரம், இடம், கூட வேலை பார்க்கிற ஆள் எல்லாம் ஒரே நாள்ல மாறும். முந்தின நாளே பலகையில எழுதிக் காட்டிடணும்.

ஆத்தங்குடி, தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை:
கண்ணாடி மேல அச்சு வச்சு, கட்டத்துக்குக் கட்டம் கலர் ஊத்தி, அசங்காமத் தூக்கணும். வரிசை மாறாத வேலைதான், ஆனா சிமெண்ட் ஈரம் கையை அரிக்கும். ஈரம் பொறுக்காதவங்களுக்குக் காய்ஞ்ச கல்லைத் துடைச்சு அடுக்குற வேலை தோது.

சிவகங்கை, ஒரு அம்மா:
சம்பளத்தை அவங்க பேர்ல உள்ள கணக்குலயே போடச் சொல்லுங்க. 18 வயசுக்கு மேல பேங்க்ல காப்பாளர் சான்று கேட்டா, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கிற உள்ளூர்க் குழுகிட்ட விண்ணப்பிக்கணும். விவரம் புரிஞ்சு தானே கையெழுத்துப் போடுறவங்களுக்கு அது எதுக்கு? பேங்க்ல பேசிப் பாருங்க.

தேவகோட்டை, சிறப்பாசிரியர்:
அரசு வேலைக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 4% ஒதுக்கீடு. அதுல ஆட்டிசம் வர்ற 1% அவங்களுக்கு மட்டும் இல்ல. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவங்களும் அதுலதான். மாற்றுத்திறனாளி சான்றிதழ்ல குறைபாடு 40%-க்குக் குறையாம இருக்கணும். அட்டை கைக்கு வந்ததுமே சதவீதத்தைப் பாருங்க, வேலை விளம்பரம் வந்த பிறகு ஓடினா நேரம் பத்தாது.