யூத மழலையர் பள்ளியில் படிக்கும் மகளுக்குப் பஸ்கா நாள்களில் என்ன கொடுத்தனுப்பலாம்?

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் எங்களின் நான்கு வயது மகள், வீட்டுக்கு அருகிலுள்ள யூத மழலையர் பள்ளியில் படிக்கிறாள். வெள்ளிதோறும் அங்கே பிள்ளைகள் ஓய்வு நாளை வரவேற்க ஹாலா என்னும் பின்னல் ரொட்டிக்கு மாவு பிசைகிறார்கள். தான உண்டியலில் காசு போட்டு எண்ணவும் பழகுகிறார்கள். போன வாரம் நான் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை அவள் மூன்று திரிகளாக உருட்டி, சடை பின்னுவதுபோல் பின்னிக் காட்டினாள். எழுத்தைத் திணிக்காமல் கைவேலையின் வழியே கற்பிக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்குகிறது. அந்த நாள்களில் புளித்த மாவுப் பண்டங்கள் கூடாது என்பது பொதுவான விதி. ஸ்பெயின் வழிவந்த யூதர்களில் பலர் அரிசி உண்பார்கள் என்றாலும், எங்கள் பள்ளி பின்பற்றும் அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பா வழிவந்த யூதர்கள்) மரபில் அரிசி, பருப்பு, ஏன், தாளிக்கும் கடுகுகூட விலக்கு. இட்லியும் தயிர்சாதமுமே விரும்பி உண்ணும் பிள்ளைக்கு உருளைக்கிழங்கு, முட்டை, பழம், தயிர் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

இந்த நிலையைச் சந்தித்த பெற்றோர் தாங்கள் கொடுத்தனுப்பிய உணவுகளைத் தயவுசெய்து தெரிவியுங்கள். தன் இட்லியில் ஏதோ குறை இருப்பதாக அவள் எண்ணிவிடாதபடி இந்த வழக்கத்தை எப்படி விளக்கினீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.