உக்காந்து பாத்தா பிபி நார்மல், எழுந்து நின்னா இறங்குது. உங்க வீட்லயும் இப்படி இருக்கா?

எங்க மாமியாருக்கு ரொம்ப வருஷமா சுகர். காலைல படுக்கைய விட்டு எழுந்தாலே கண்ணு இருட்டிட்டு வருதுன்னு சொல்வாங்க, செவுத்த புடிச்சிக்கிட்டே தான் பாத்ரூம் வரைக்கும் போவாங்க, கூடவே பின்கழுத்து தோள்பட்டை எல்லாம் ஒரு இறுக்கமான வலி, உக்காந்துட்டா அதுவும் போயிடும். பிபி பாத்தா எப்பவும் நார்மல். கடைசியா பாத்த டாக்டர் தான் அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு பாத்தாரு, 130/80. அப்படியே நிக்க வெச்சு ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் பாத்தாரு, 104/66க்கு வந்துடுச்சு! நின்னதும் மேல் நம்பர் 20 இல்லன்னா கீழ் நம்பர் 10 இறங்கினாலே அது லோ பிபி தானாம், 90/60க்கு கீழ போகணும்னு இல்ல. சுகரால நரம்பு பாதிச்சிருந்தா எழுந்திரிக்கும்போது ரத்தக்குழாய் சரியா சுருங்காது, ரத்தம் கால்லயே தங்கிடும்னு சொன்னாரு. வயசானவங்க தலை சுத்துதுன்னு சொன்னா தயவுசெஞ்சு நிக்க வெச்சும் பாக்க சொல்லுங்க.

---

எங்கப்பாவுக்கும் இதே தான், ஆனா காரணம் வேற. ஏற்கனவே பிபி மாத்திரை, அதோட ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின்னு ஒரு மாத்திரையும் ஆரம்பிச்சாங்க, அப்புறம் ராத்திரி யூரின் போக எழுந்தா கிறுகிறுன்னு வந்து ஒரு நாள் விழுந்தே விட்டார். டாக்டர் பிபி மாத்திரை டோஸ குறைச்சாரு (நாமளா நிறுத்திடக் கூடாது). இப்போ எழுந்ததும் கால தொங்கப்போட்டு கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்து, பாதத்த மேல கீழ ஆட்டிட்டு தான் நிக்கறார். நல்ல வித்தியாசம் தெரியுது.

---

சாப்ட்டதும் யாருக்காச்சும் வருதா? எங்க பெரியம்மா வயிறு நிறைய சாப்ட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள எழுந்தா தள்ளாடுவாங்க, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு சாப்பிட ஆரம்பிச்சதும் குறைஞ்சிடுச்சு.

---

எனக்கு எப்பவுமே 90/60 தான், ஒரு தொந்தரவும் இல்ல, அதனால ட்ரீட்மென்ட் வேணாம்னுட்டாங்க. நம்பர மட்டும் பாத்து பயந்து உப்ப அள்ளிப் போட்டுக்காதீங்க, ஹார்ட், கிட்னி பிரச்சினை இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. ஆனா திடீர்னு உடம்பு சில்லுன்னு வேர்த்து, நாடி வேகமா பலவீனமா அடிச்சு, பேச்சுல குழப்பம் தெரிஞ்சா, இல்ல மலம் கருப்பா போய் மயக்கம் வந்தா வீட்ல வெச்சு பாத்துட்டு இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.